32 ஓம் ஹெட்ஃபோனுக்கு வால்வு ஆம்ப் ஒத்துவருமா? பாளையங்கோட்டை வீட்டுக்கு எது சரி?

ஒத்துவரும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கும் டார்க்வாய்ஸ் 336எஸ்ஈ என்ற வால்வு ஆம்ப் ஒத்துவராது. கையில் இருப்பது 32 ஓம் ஹெட்ஃபோன், கேட்பது ராத்திரியில், வீட்டில் தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒன்றும் கிடக்கிறது, அதிலிருந்து இழுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரேடியோவைக் கடைசியில் பார்ப்போம்.

வால்வுக்கு வோல்ட் கொடுக்க வரும், மின்னோட்டம் கொடுக்க வராது. பழைய ரேடியோவில் ஸ்பீக்கர் பக்கத்தில் கனமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருப்பது அதனால்தான். அது வோல்ட்டைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டும். டார்க்வாய்ஸ், அதே வகையான பாட்டில்ஹெட் கிராக் என்ற ஆம்ப் இரண்டிலும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 6080 அல்லது 6ஏஎஸ்7 வால்வு, ஒரு கெப்பாசிட்டர் வழியாக நேரே ஹெட்ஃபோனை ஓட்டும். இதை ஓடிஎல் என்பார்கள், அதாவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. இந்த வகையின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டில் இருக்கும் தடை, 50 ஓமுக்கு மேல், சிலவற்றில் 100 ஓமையும் தாண்டும். ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 32-க்கு 4 ஓம். ஓடிஎல் அந்தப் பக்கமே வராது.

ஆனால் அந்தக் கணக்கை மீறியும் நன்றாக இருக்கும் ஜோடி உண்டு. சென்ஹைசர் எச்டி 650 பெயருக்கு 300 ஓம். 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் இம்பிடன்ஸ் சுமார் 500-க்கு ஏறும். 100 ஓம் ஆம்பில் மாட்டினால் நடுப்பகுதி 2.5 டெசிபல் குறையும், பாஸ் 1.6 மட்டுமே குறையும். ஆக, பாஸ் கிட்டத்தட்ட 0.9 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். வால்வின் கதகதப்பு என்று சிலாகிக்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த 0.9 தான். மிச்சம் வால்வு சேர்க்கும் இரண்டாம் ஹார்மானிக், அதாவது ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணில் கூடும் சிறு கலப்பு.

அதே கணக்கை உங்கள் 32 ஓமுக்குப் போட்டுப் பாருங்கள். ஆம்ப் 50 ஓம், ஹெட்ஃபோன் பாஸில் 64 ஓம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் தூக்கல் 3 டெசிபலைத் தாண்டுகிறது. கூடவே அந்த அவுட்புட் கெப்பாசிட்டர். 47 மைக்ரோஃபாரட் என்றால், மொத்தம் 82 ஓமோடு சேர்ந்து 41 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட ஆரம்பிக்கும். 300 ஓம் ஹெட்ஃபோனில் அதே கெப்பாசிட்டர் 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதாவது மேல் பாஸ் ஊதும், அடி பாஸ் இருக்காது. நல்ல வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்: குடத்தில் அடி விழும் இடம் தனியாகவும் அதன் பின்னால் வரும் கும் தனியாகவும் கேட்க வேண்டும். பொருந்தாத ஜோடியில் இரண்டும் குழைந்து சாம்பார்சாதம் மாதிரி ஆகிவிடும்.

எனவே 32 ஓமை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் ஹைப்ரிட் வாங்குங்கள். வோல்ட்டைப் பெருக்குவது வால்வு, ஹெட்ஃபோனை ஓட்டுவது டிரான்சிஸ்டர். ஷிட் வாலி 2 அந்த வகை. இது கலப்படம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ஆனால் 6ஜே1 வால்வு இரண்டை வைத்து, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் மலிவுப் பெட்டிகளில் எச்சரிக்கை தேவை. வால்வுக்குக் கீழே ஆரஞ்சு எல்ஈடி வைத்து எரிய விட்டிருப்பார்கள்; வெளிச்சம் வால்வினுடையது அல்ல.

ஓடிஎல் தான் வேண்டும் என்றால் ஹெட்ஃபோனை மாற்றுங்கள். எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 880, 600 ஓமிலும் வருகிறது. 32, 250 ஓமிலும் அதே முகத்தோடு வரும், பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பிளேனார் வகையை, அதாவது தட்டையான சவ்வு அதிரும் ஹெட்ஃபோனை, ஓடிஎல்லோடு சேர்க்காதீர்கள். ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்ஈ 25 ஓம், உணர்திறன் 91 டெசிபல். அதை மில்லிவாட்டுக்கு என எடுத்துக்கொண்டால், உச்சத்தில் 110 டெசிபல் எட்ட 80 மில்லிவாட், அதாவது 56 மில்லியாம்பியர் கேட்கும். 6080-இன் ஓய்வு மின்னோட்டம் இந்த ஆம்ப்களில் பொதுவாக அதைவிடக் குறைவு. மெதுவாக வைத்தால் நன்றாக இருக்கும். தவில் உச்சத்துக்குப் போகும்போது ஒலி தட்டையாகிவிடும். காதுக்குள் சொருகும் இயர்ஃபோனை வால்வில் மாட்டினால் பாட்டை முந்திக்கொண்டு இரைச்சல்தான் வரும்.

ராத்திரி மெதுவாகக் கேட்பவர்களுக்கு ஒரு தொல்லை: வால்யூமை எட்டு மணி நிலையிலிருந்து கொஞ்சம் திருப்பினாலே சத்தம் அதிகமாகிவிடும், அந்த இடத்தில் இடது வலது சமமாகவும் இருக்காது. காரணம், டேக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) 2 வோல்ட் கொடுக்கிறது, ஆம்ப் அதைப் பத்து மடங்கு பெருக்குகிறது என்று வைத்துக்கொண்டால், எச்டி 650-க்கு 80 டெசிபலுக்குத் தேவையோ 0.07 வோல்ட்தான். ஆம்ப் உள்ளீட்டில் ஒவ்வொரு சேனலுக்கும் 10 கிலோஓம் தொடராகவும், 4.7 கிலோஓம் கிரவுண்டுக்கும் போட்டால் 10 டெசிபல் குறையும். குமிழை இன்னும் கொஞ்சம் மேலே திருப்பி வைக்கலாம்.

இனி ஊர் விஷயம். வால்வு ஹீட்டருக்கு 6.3 வோல்ட், கூடக்குறைய 10 சதவீதம் வரை பொறுக்கும். 230-க்கு வடிவமைத்த டிரான்ஸ்ஃபார்மரில் அது 207 முதல் 253 வரை. மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓடும் லைனில் வீடு இருந்து 180-க்கு இறங்கினால் ஹீட்டருக்கு 4.9 வோல்ட்தான். ஒலி சோர்ந்து போகும், நாளடைவில் வால்வுக்குள் எலக்ட்ரானை உமிழும் கேதோடும் கெடும். ஆர்டர் போடுமுன் ஒரு வாரம் சாயங்காலம் ஏழு மணிக்கும் ராத்திரி பதினொன்றுக்கும் மல்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். ஆம்ப் 50 வாட் பக்கம்தான் இழுக்கும், 200 விஏ ஸ்டெபிலைசர் போதும். ரிலே வகையில் ஒவ்வொரு படி மாறும்போதும் டக்கென்று காதில் கேட்கும். சர்வோ வகையில் அது இல்லை. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் கரண்ட் போன நேரத்தில் கேட்காதீர்கள், சைன் வேவ் என்றால் பரவாயில்லை. வெளிநாட்டுப் பெட்டியில் 115/230 சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 115-இல் விட்டுச் செருகினால் முதல் நாளே ஃபியூஸ் போகும், அது போவதே அதிர்ஷ்டம்.

உறுமல் வந்தால் முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் இருந்தால் ஆம்பின் உள்ளே: ஃபில்டர் கெப்பாசிட்டர் அல்லது வால்வு. வால்யூமோடு ஏறினால் கேபிளும் கிரவுண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் திருடன் அவன்தான். மூன்றாவது பின்னை உடைத்து உறுமலை நிறுத்தும் வைத்தியம் மட்டும் வேண்டாம். உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. எர்த் குழி கரிசலிலோ செம்மணலிலோ கோடையில் காய்ந்து கிடக்கும். வயரிங் அண்ணாச்சியைக் கூட்டி அளக்கச் சொல்லுங்கள், சித்திரை வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

கர்ர் என்று மெல்லிய இரைச்சல் என்றால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். வழவழவென்று சுற்றும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் லைனில் குப்பையைக் கொட்டும். ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, நம் ஊர் வெக்கையில் அது நடக்காது. படிப்படியாக நகரும் கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றுங்கள். காதுப் பஞ்சு தோல் உறையில் வேர்த்து ஒட்டும், வெல்வெட் துணி உறை நல்லது.

ஆம்பை ஆன் செய்யும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்து மாட்டுங்கள். புது ஆம்ப் என்றால் மாட்டுமுன் ஜாக்கில் டிசி அளக்கவும். 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மாட்டாதீர்கள். வால்வு மாற்றும்போது 12ஏயூ7-க்குப் பதில் ஈசிசி82 போடலாம், இரண்டும் ஒன்றே. 6டிஜே8 அதே ஒன்பது காலில் உட்காரும், ஆனால் ஹீட்டர் கால்கள் வேறு, போடாதீர்கள். அடியில் காற்றுத் துளை இருந்தால் கம்பி வலை ஒட்டுங்கள். சூடு தேடிப் பல்லி நுழைந்து குறுக்கே கிடந்தால் பல்லியும் போகும், ரெசிஸ்டரும் போகும். தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களில் வாரத்துக்கு இருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், ஈரம் தங்காது.

இப்போது தாத்தாவின் ரேடியோ. வால்வுகளின் பெயரைப் படியுங்கள். யூசிஎச்81, யூசிஎல்82, யூஒய்85 என்று யூ-வில் தொடங்கினால் ஹீட்டர்கள் எல்லாம் தொடராக நேரே மெயின்ஸில் ஓடுகின்றன, சேசிஸ் என்ற உள் இரும்புச் சட்டமே கரண்ட். அதில் ஹெட்ஃபோன் மாட்டுவது மின்கம்பியைக் காதில் வைப்பது போல. ஈ-யில் தொடங்கி, உள்ளே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்து, பிளக் பின்னுக்கும் சேசிஸுக்கும் மல்டிமீட்டர் தொடர்பே காட்டவில்லை என்றால் செய்யலாம். ஸ்பீக்கரைக் கழற்றிய இடத்தில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் கட்டாயம். சுமை இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். அதிலிருந்து 100 ஓம், 1 வாட் தொடராக, ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே 10 ஓம். மோனோதான், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. உங்கள் 32 ஓமுக்கு அது தாராளமாகப் போதும்.