பத்தடி தூரத்திலிருந்து வரும் மெசேஜ்

கேள்வி: அக்கா, திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 8 மாதமாக ஜூனியர் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். மேனேஜர் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் எல்லாமே வாட்ஸ்அப்தான். போன வாரம் "சாம்பிள் ஏன் லேட்" என்று மட்டும் அனுப்பினார். நீளமாக விளக்கம் எழுதினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அன்று இரவு தூங்கவே இல்லை. கட்டிங் மாஸ்டரோ என் மெசேஜைப் பார்த்தாலே கோபப்படுகிறார். நேரில் போய்ப் பேசப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: "சாம்பிள் ஏன் லேட்" என்பதை எந்தக் குரலில் படித்தீர்கள், கண்ணு? உங்கள் பயத்தின் குரலில்தான் படித்திருப்பீர்கள். அவர் பையரோடு, அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரரோடு, போனில் பேசிக்கொண்டே அவசரமாகத் தட்டியிருக்கலாம். நேரில் என்றால் அதே மனிதர் "ஏங்கண்ணு, சாம்பிள் லேட்டாகுது?" என்று கேட்டிருப்பார். நம் கொங்குப் பேச்சில் மரியாதையும் பிரியமும் அந்த 'ங்க'வில்தான் இருக்கின்றன. போனில் தட்டும்போது முதலில் விழுந்துபோவதும் அதுதான்.

2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்களும் அவர்களுடன் வேலை செய்தவர்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு வாக்கியம் கேலியா, நிஜமா என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். மின்னஞ்சலில் எழுதி அனுப்பியவர்கள், 100க்கு 78 தடவை சரியாகப் புரியும் என்று நம்பினார்கள். புரிந்ததோ 56 தடவை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரியாக இருக்கும். குரலில் சொன்னபோது அது 73 ஆனது. உங்கள் மேனேஜரின் மூன்று சொல்லை வைத்து ஒரு ராத்திரித் தூக்கத்தை இழக்க வேண்டுமா?

அதற்காக மெசேஜே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 22 வருடம் இந்த வேலையில் இருந்தவள் நான். தையல் மெஷின் சத்தத்தில் "மீடியம் 240" என்று கத்தினால் 140 என்று காதில் விழும். எண்ணிக்கை, அளவு, தேதி எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். துணியில் கறை இருந்தால் ஒரு போட்டோ போதும்.

ஆனால் எழுத்தும் முழுதாக இருக்க வேண்டும். ஒரு முறை நேவி, மெரூன் என்று இரண்டு கலருக்கு லேப் டிப் (சாயம் ஏற்றிய சின்னத் துணி மாதிரி, ஒவ்வொரு கலருக்கும் ஏ, பி, சி என்று சில ஷேடு) பையருக்குப் போயிருந்தது. பையர் நேவியில் பி, மெரூனில் சி என்று அப்ரூவல் கொடுத்தார். பஸ்ஸில் நின்றபடி நான் சாயப்பட்டறைக்கு "பி ஓகே" என்று தட்டிவிட்டேன். அங்கே பட்டறைக்காரர் போனில் கடைசியாக இருந்தது மெரூன் போட்டோ. மெரூனுக்குத்தான் பி என்று நினைத்துவிட்டார். 400 கிலோ துணி தவறான ஷேடில் வந்து நின்றது. தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அரை நிமிஷம் பேசியிருந்தால் "எந்தக் கலருங்க்கா?" என்று அவரே கேட்டிருப்பார். அந்தத் திருப்பிக் கேட்கிற கேள்வி மெசேஜில் வருவதில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தாமதம், தவறு, மன்னிப்பு, உதவி எதுவாக இருந்தாலும் முதலில் நேரில் போவேன், இல்லையென்றால் போன் போடுவேன். பேசி முடித்த கையோடு, பேசியதை இரண்டு வரியில் எழுதி அனுப்புவேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

மேனேஜரிடம் நாளை டீ நேரத்துக்கு முன்னால் போங்கள். "சார், சாம்பிள் வியாழக்கிழமை தயாராகிவிடும். இந்த மாதிரி விஷயத்தை உங்களிடம் நேரில் சொல்லலாமா, மெசேஜே போடட்டுமா?" என்று கேளுங்கள். மெசேஜ்தான் வேண்டும் என்றால் சரி, அது அவர் பழக்கம். உங்கள் மேல் கோபம் இல்லை என்றாவது தெரிந்துவிடும்.

கட்டிங் மாஸ்டர் விஷயம் வேறு. உங்கள் வயதை விட அதிக வருடம் கத்திரி பிடித்தவராக இருப்பார். அவருக்கு "கட்டிங் எப்போ முடியும்" என்று போனில் வந்தால் அதிகாரமாகத்தான் தெரியும். டேபிளுக்கே போய் "அண்ணா, எப்பங்ண்ணா முடியும்?" என்று கேளுங்கள். போகும்போது போனை உங்கள் மேசையிலேயே வைத்துவிடுங்கள். சைஸ் சார்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.