வெளிநாடு போனால் தமிழ்ப் படங்கள், புத்தகங்கள் மேல் பாசம் கூடிவிடுமா?

"வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஊரில் இருந்ததைவிட அதிகமாகத் தமிழ்ப் புத்தகம் படிக்கிறார்களாமே, படம் பார்க்கிறார்களாமே, பிரிவின் ஏக்கம்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிகமாகப் படிக்கிறேன் என்பது என் விஷயத்தில் உண்மை. ஏக்கம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் இருப்பது சிங்கப்பூரில். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு, 1935-ல் தொடங்கி இன்னும் வந்துகொண்டிருக்கும் தமிழ் முரசு, வானொலியில் ஒலி 96.8, தொலைக்காட்சியில் வசந்தம். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தமிழுக்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் அது கொஞ்சம் நடிப்பு. நார்வேயில் இருப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

நான் அதிகம் படிப்பதற்கு முழுக் காரணம் இங்குள்ள பொது நூலகம்தான். எடுத்த புத்தகத்தை 21 நாளில் திருப்பித் தர வேண்டும். எந்தக் கிளையில் எடுத்தாலும் வேறு எந்தக் கிளையிலும் போட்டுவிடலாம், அதனால் தூரம் என்று சாக்கு சொல்ல வழியில்லை. தாமதமானால் அபராதம். சில்லறைக் காசுதான், ஆனாலும் மனசு கேட்காது. ஊரில் புத்தகக் கண்காட்சிக்குப் போய்ப் பை நிறைய அள்ளி வருவோம் இல்லையா, அதில் பாதி அடுத்த கண்காட்சி வரை பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கும். சொந்தப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அதனாலேயே படிப்பதில்லை. இரவல் புத்தகத்துக்குக் கெடு இருக்கிறது. பத்தொன்பதாம் நாள் இரவு இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் முடிக்க வைப்பது தாய்மொழிப் பற்று என்றா நினைக்கிறீர்கள்?

இன்னொன்று, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலப் புத்தகங்கள் வரிசை வரிசையாக நிற்கும் இடத்தில் தமிழுக்குச் சில அடுக்குகள்தான். தேடிப் போன நாவல் பெரும்பாலும் இருக்காது. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் பக்கத்தில் இருப்பதை எடுத்து வருவேன். இப்படித்தான் இலங்கைத் தமிழ் நாவல்களும், மலேசியாவின் ரப்பர் தோட்டங்களைப் பற்றிய கதைகளும் என் கைக்கு வந்தன. சென்னையில் இருந்திருந்தால் இவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டேன். எனக்குப் பழகிய நாலைந்து எழுத்தாளர்களையே சுற்றிச் சுற்றி வந்திருப்பேன். என் ரசனை விரிந்தது என்றால், அந்த அலமாரி சின்னதாக இருந்ததால்தான் விரிந்தது.

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தும் அப்படி வந்து சேர்ந்ததுதான். நாடு 50 ஆண்டை எட்டிய 2015-ல், 1965-லிருந்து இங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் 300-க்கும் மேற்பட்டவற்றை மின்வடிவமாக்கித் தேசிய நூலக வாரியம் மூலம் இணையத்தில் வைத்தார்கள். எல்லாமே அருமை என்று சொல்ல மாட்டேன். பாதியிலேயே அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடும் கதைகள் நிறைய. ஆனால் கம்பத்து (பழைய கிராமக் குடியிருப்பு) வீட்டைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களைப் பற்றி எழுதும்போது இந்த எழுத்தாளர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. மின்தூக்கிக்குப் பயந்து படியேறும் பாட்டியைத் தமிழ்நாட்டு எழுத்தில் நான் சந்தித்ததே இல்லை.

சினிமா விஷயத்தில் கதை வேறு. இங்கே முதலில் பார்க்க வேண்டியது படத்தின் தரப் பிரிவை. என்சி16 என்று போட்டால் 16 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் அனுமதி இல்லை. அப்பா அம்மா கூடவே இருந்தாலும், கைக்குழந்தையாக இருந்தாலும் இதே விதிதான். ஊரில் யு/ஏ வாங்கி, குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும் வெட்டுக்குத்துப் படம் இங்கே என்சி16 ஆகிவிடுவது சாதாரணம். சரி, பிள்ளைகளை யாரிடம் விடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததாலேயே நாங்கள் கைவிட்ட பெரிய நடிகர் படங்கள் உண்டு. நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கழுத்தறுப்பதைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதில் என்ன கொண்டாட்டம்?

திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளும் ஒரு தொல்லை. நகைச்சுவைக் காட்சியில் நடிகர் வாயைத் திறக்கும் முன்பே வரி வந்துவிடும், படித்தவர்கள் சிரித்துவிடுவார்கள். வசனம் காதில் விழும்போது அரங்கம் ஓய்ந்திருக்கும். கண்ணைக் கீழே விடாமல் பார்க்கப் பழகவே எனக்கு ரொம்ப நாளானது.

அப்புறம், கொஞ்சம் பெருமையும் உண்டு. 2023-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்குக் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை. அந்த நேரத்தில் இங்கே பதினொன்றரை. எனவே சில படங்களின் கதை எங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். ஊரில் இருக்கும் தம்பி, மச்சான்களின் வாட்ஸப் குழுவில் வாயைக் கட்டிக்கொண்டிருப்பது பெரிய பாடு.

வீட்டில் பார்ப்பதற்கு ஓடிடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் படத்தின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். அதே செயலி, அதே சந்தா, ஆனால் நண்பன் ஊரிலிருந்து பரிந்துரைக்கும் படம் இங்கே தேடினால் வராது. கேட்டால் நான் சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு சொல்கிறேன் என்பான்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பாசம்' என்ற பேச்சு அங்கேதான் உதைக்கிறது. சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020-ல் 2.5. பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு, தேர்வும் உண்டு. அதனால் என் மகளுக்குத் தமிழ் என்பது கணக்கு, அறிவியல் மாதிரி மதிப்பெண் போடும் ஒரு சமாச்சாரம். நூலகத்தில் அவளுக்காக நான் எடுத்துவரும் தமிழ்க் கதைப் புத்தகத்தைத் தேர்வுக்கு வருமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். ஆனால் வசந்தத்தில் வரும் உள்ளூர் நாடகத்தை யாரும் சொல்லாமலே பார்க்கிறாள். அதில் வரும் பையன்கள் அவள் வகுப்புப் பையன்களைப் போலவே பேசுகிறார்கள், காப்பிக்கடையில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நான் ஆசையாகப் போட்டுக் காட்டும் கிராமத்துப் படங்கள்தான் அவளுக்கு வெளிநாட்டுப் படம்.

எதற்குமே ஏங்குவதில்லையா என்று கேட்டால், தீபாவளி மலருக்கு மட்டும் உண்டு. கெட்டி அட்டையும் வழவழ தாளுமாக அது தடிமனாக இருந்தால்தான் தீபாவளி. ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் சொல்லி வைப்பேன். பெட்டியை எடை போடும் நேரத்தில் மலரா ஊறுகாயா என்று வரும், வீட்டில் கேட்டால் ஊறுகாய் என்பார்கள்.