உள்ளி சேர்க்கும் முன் நாயின் பங்கை எடுத்து வையுங்கள்

நாய் வளர்ப்பு பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கால்நடை ஆலோசனைக் குழுவின் பதில்கள்.

நாங்க வடசேரியில் நாலு சென்ட் வீட்டில் இருக்கோம். ஆறு வயசுப் பையன், எழுபது தாண்டிய அத்தை, நானும் வீட்டுக்காரரும். பையன் ஹஸ்கி கேக்கான். ராஜபாளையம் நல்லதுன்னு சொல்றாங்க. எதை வாங்கலாம்? — வாசகி, நாகர்கோவில்

ஹஸ்கி வேண்டாம். பனிநாட்டு நாயான அதற்கு ரோமம் இரண்டு அடுக்கு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. அந்த மாதங்களில் அடிரோமம் சரியாகக் காயாமல் தோலில் பூஞ்சை பிடிக்கும். கோடையிலோ மூச்சிரைத்தே சோர்ந்துவிடும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கும் சூடு ஆகாது. நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. குறுகிய மூக்கில் அந்தக் காற்றோட்டம் போதாது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் அருமையான நாய்கள்தான், ஆனால் ஓட இடம் வேண்டும். நாலு சென்டில் கட்டிப்போட்டால் குணம் கெடும். சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள், பக்கத்து வீட்டுக் கோழியைக் கண்டால் நிற்காது. லேப்ரடார் பிள்ளைகளோடு நன்றாக ஒட்டும். ஆனால் முப்பது கிலோ நாய் ஆசையாகப் பாய்ந்தாலே அத்தை விழுந்துவிடுவார்.

உங்கள் வீட்டுக்கு நாட்டு நாய்க்குட்டிதான் பொருத்தம். பதினைந்து கிலோ வாக்கில் வளரும், ரோமம் குட்டை, நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு. விலை கொடுத்து வாங்காததால் அது மட்டமான நாய் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எந்தக் குட்டியானாலும் எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். முடிந்தால் தாயைப் பாருங்கள். அது ஆளைக் கண்டு பதுங்கினாலோ சீறினாலோ அந்த ஈற்றை விட்டுவிடுங்கள். குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாக, ஆசனவாய்ப் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வெள்ளைக் குட்டிகளில், ராஜபாளையம் உட்பட, பிறவிச் செவிடு வருவதுண்டு. குட்டி வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஐந்தடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பக்கத்தில் நின்று கைதட்டினால் காற்று பட்டுத் திரும்பிவிடும், சோதனை பொய்யாகும். தடுப்பூசி போட்டாச்சு என்று விற்பவர் சொன்னால் அட்டையைக் கேளுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்க வேண்டும். முதல் கூட்டுத் தடுப்பூசி 6–8 வாரத்தில். பிறகு 16 வாரம் ஆகும்வரை 3–4 வார இடைவெளியில் மறுபடியும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். தேங்கிய தண்ணீரும் எலியும் உள்ள இடமென்றால் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.

எங்க நாய்க்கு மத்தியானம் சோறும் மீன்கறியும்தான். உள்ளி (வெங்காயம்) விஷம் என்கிறார்கள். நாலு வருஷமாகத் தின்கிறதே? — வாசகர், தக்கலை

விஷம்தான். உள்ளியிலும் வெள்ளைப்பூடிலும் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வைத்தாலும் வறுத்தாலும் பொடியாக்கினாலும் அது போகாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் உள்ளி போனாலே ஆபத்து தொடங்கும் என்று கொள்ளுங்கள். பத்துக் கிலோ நாய்க்கு 50 கிராம், அதாவது ஒரு சின்ன சவாளை (பெரிய வெங்காயம்). வெள்ளைப்பூடு இன்னும் குறைவான அளவிலேயே கெடுக்கும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும், நாய் எழுந்திருக்க மனமில்லாமல் கிடக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் மெதுவாகச் சோகை பிடிக்கும். உங்கள் நாயின் ஈறு வெளிறியிருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

வழி எளிது. மீனையோ கோழியையோ கழுவியதும் உப்பு, மிளகு, உள்ளி எதுவும் சேர்க்கும் முன் நாயின் பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து வெறும் தண்ணீரில் வேக வைத்துவிடுங்கள். குழம்பிலிருந்து துண்டை எடுத்துக் கழுவிப் போடுவதில் பயனில்லை. சாறு உள்ளே ஊறியிருக்கும்.

குளச்சல். கரையில் கிடக்கும் மீனையெல்லாம் நாய் தின்கிறது. பச்சை மீன் ஆகுமா?

பச்சையாக வேண்டாம். சாளை, நெத்தோலி இனங்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் நரம்பு தளர்ந்து தள்ளாடும். பத்து நிமிஷம் வேக வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். தலையையும் நடுமுள்ளையும் எடுத்துவிட்டு உதிர்த்துப் போடுங்கள். வெயிலில் கிடந்த சூரை, அயிலை வேறு விவகாரம். கெடும்போது அவற்றில் சேரும் ஹிஸ்டமின் வேகவைத்தாலும் போகாது. கருவாடு உப்பின் காரணமாகவே வேண்டாம்.

வலையிலிருந்து கழித்துப் போடும், உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன்தான் பெரிய அபாயம். அதன் நஞ்சு சூட்டில் அழியாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், வாந்தி வரும், கால்கள் தளரும், கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சைக் காப்பாற்றினால் பிழைக்கலாம். அதனால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பே நாயைக் கொன்றுவிடலாம். இரையோடு தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால் தூண்டில் நரம்பை (நூலை) இழுக்காதீர்கள். வெளியே தொங்குவதைக் கழுத்துப் பட்டையில் கட்டிக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அந்த நரம்பு வேண்டும்.

மூன்று மாத லேப்ரடார் குட்டி. பாலும் சோறும், கூடவே கால்சியம் டானிக்கும். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. — மார்த்தாண்டம்

பாலை நிறுத்துங்கள். பால்குடி மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் எளிதில் செரிக்காது. பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்று தனியாக வரும் உலர்தீவனத்துக்கு ஏழு நாளில் மாறுங்கள்: முதல் இரண்டு நாள் கால்பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால்பங்கு, ஏழாம் நாள் முழுவதும். அளவு பையிலேயே இருக்கும். ஆறு மாதம்வரை அதை மூன்று வேளையாகப் பிரியுங்கள். அந்தத் தீவனத்தில் கால்சியம் போதுமான அளவு இருப்பதால் டானிக் வேண்டாம். வளரும் பெரிய குட்டி, மிஞ்சும் கால்சியத்தைத் தள்ளிவிட முடியாமல் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணிப்போகும். வாந்தியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

வளர்ந்த நாய், பதினைந்து கிலோ. வீட்டுச் சாப்பாடே போடலாமா? மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) கொடுக்கலாமா? — குலசேகரம்

போடலாம். ஒரு நாளைக்கு: எலும்பில்லாத கோழி 200 கிராம் (பச்சை எடை), வெந்த சோறு 350 கிராம், முட்டை ஒன்று, பூசணி 100 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டு வேளையாகப் பிரியுங்கள். இதில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) போதாது. முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மிக்ஸியில் மாவாகப் பொடித்து அரைத் தேக்கரண்டி தட்டிச் சேருங்கள். துத்தநாகம், அயோடின், வைட்டமின்கள் இன்னும் குறையும். மருத்துவரிடம் நாய்க்கான கலவை கேட்டு வாங்குங்கள். அதிலேயே கால்சியம் இருந்தால் ஓட்டுப்பொடியை விட்டுவிடுங்கள். விலாவைத் தடவிப் பாருங்கள்: உங்கள் புறங்கையைத் தடவுவதுபோல எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் சோற்றைக் குறையுங்கள்.

மரச்சீனியைத் தோல் நீக்கிச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டால் சோற்றுக்குப் பதில் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் சயனைடு உண்டு. தோலைக் கொல்லைப்புறத்தில் குவிக்காதீர்கள். பூஞ்சை பூத்த பிண்ணாக்கும் நாய்க்கு எட்டக் கூடாது, ஈரலைக் கெடுக்கும்.

கல்யாண வீட்டுக் கோழி எலும்பு? ஓணத்துக்கு மிஞ்சிய பாயசம்? — அருமனை

இரண்டும் வேண்டாம். வெந்த எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். எந்த நாய்க்கு எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் ஒன்றுகூடத் தராதீர்கள். ஏற்கெனவே தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். வாந்தி எடுக்க வைக்க அந்த நேரம்தான் உதவும்.