கறுப்பின, யூதப் பதின்வயதினரைச் சேர்த்துப் பழகவிடும் திட்டங்களால் அமெரிக்காவில் பயன் ஏதும் விளைந்ததா?

விளைந்தது என்றே சொல்வேன். ஆனால் எல்லாத் திட்டங்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாது. நியூயார்க்கின் புரூக்ளினில் சில காலம் குடியிருந்தவன் என்ற முறையில், அங்குள்ள கிரவுன் ஹைட்ஸ் பகுதியை முன்வைத்தே விடையளிக்கிறேன்.

லுபாவிட்ச் என்ற பிரிவைச் சேர்ந்த, மத ஆசாரங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஹசிடிக் யூதர்களும், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் பெருமளவில் அடங்கிய கறுப்பின மக்களும் அங்கே அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கின்றனர். 1991 ஆகஸ்ட் 19 அன்று, லுபாவிட்ச் தலைமை மதகுருவின் வாகனத்தைப் பின்தொடர்ந்த கார் ஒன்று நடைபாதையில் ஏறியதில், கயானாவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்த 7 வயதுச் சிறுவன் கேவின் கேட்டோ உயிரிழந்தான். அடுத்த சில மணி நேரத்துக்குள், அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத யாங்கல் ரோசன்பாம் என்ற 29 வயது ஆஸ்திரேலிய யூத ஆய்வு மாணவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலையில் கைதான கறுப்பினப் பையனுக்கு வயது 16. ஆகவே பதின்வயதினரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கறுப்பினச் சமூகப் பணியாளர் ரிச்சர்ட் கிரீனும், லுபாவிட்ச் ஆசிரியர் டேவிட் லேசர்சனும் இணைந்து தொடங்கிய 'புராஜெக்ட் கியூர்' இரு தரப்புப் பையன்களையும் நேருக்கு நேர் பேசவைத்ததோடு நில்லாமல், கூடைப்பந்து ஆடவும் ராப் பாடவும் வைத்தது. கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்த சாமர்த்தியம் அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்கே முழுமையாக விளங்கும். கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளைப் பின்பற்றாத வீட்டில் ஹசிடிக் பையன் சாப்பிடமாட்டான். வெள்ளி மாலை சூரியன் மறைவது முதல் சனி இரவு வரை அவனுக்கு ஓய்வுநாள். ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதும் பாடுவதும் அவன் வீட்டில் வழக்கமில்லை. நம்மூரில் உறவைத் தொடங்கிவைக்கும் பந்தி உபசாரம் அங்கே முதல் நாளிலேயே தடைக்கல்லாகியிருக்கும். பந்துக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை: தலையில் கிளிப் மாட்டிய சிறு தொப்பியோடும் இடுப்பில் தொங்கும் சடங்கு நூல்களோடும் ஓடுபவனுக்கு, எதிரில் நிற்பவன் வழிவிட்டானா, மறித்தானா என்பதே அப்போதைய கேள்வி.

இதற்கு முன்பே, 1985இல், பாப்டிஸ்ட் போதகரும் நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் கிரேயும், யூத சமூகத் தலைவர் ஜார்ஜ் ராஸும் பிலடெல்பியாவில் 'ஆபரேஷன் அண்டர்ஸ்டாண்டிங்' என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தனர். அதன் மாணவர்கள் தொடக்கக் காலத்தில் செனகலுக்கும் இஸ்ரேலுக்கும் ஒன்றாகப் பயணம் செய்தனர். பின்னாளில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் குடிமை உரிமைப் போராட்டத் தலங்களுக்குச் சென்றனர். மதிக்கத்தக்க முயற்சிதான். எனினும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் பயணம் முடிந்து தத்தம் குடியிருப்புகளுக்குத் திரும்பிவிடலாம். கிரவுன் ஹைட்ஸ் பையன்களோ மறுநாள் காலையும் அதே தெருமுனையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். எனவே என் மதிப்பீட்டில் பின்னதே கடினமானது.

இத்தகைய சந்திப்புகளில் என்ன பேசப்படுகிறது என்பதும் முக்கியம். 1964இல் மிசிசிப்பியில் கறுப்பின இளைஞர் ஜேம்ஸ் செய்னியும், யூத இளைஞர்களான ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் குடிமை உரிமைப் போராட்டத்தில் ஒன்றாகக் கொல்லப்பட்டதை எவரும் தயங்காமல் எடுத்துரைப்பர். 1968இல் கிரவுன் ஹைட்ஸை அடுத்துள்ள ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில்லில் நடந்ததைப் பேசுவதுதான் சங்கடம். அங்கே கறுப்பினத்தவர் தலைமையிலான உள்ளூர்ப் பள்ளி வாரியம், பெரும்பாலும் யூதர்களாக இருந்த ஆசிரியர்கள் சிலரை வெளியேற்ற, ஆசிரியர் சங்கம் நகரம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு தரப்புக்கு அது தம் பிள்ளைகளின் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமை. மறுதரப்புக்குப் பணிப் பாதுகாப்பு. இரண்டிலும் நியாயம் இருந்தது என்பதால், பதினேழு வயதுப் பிள்ளைகளை முதலில் அதைப் பற்றி வாதிட விடுவேன். தியாகிகளின் வரலாற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாதிப்பேர் கறுப்பினத்தவர், பாதிப்பேர் யூதர் என்று குழு அமைக்கும்போது, இரண்டுமாக இருக்கும் பிள்ளைகள் கணக்கில் விடுபடுகின்றனர். கறுப்பின யூதர்கள் அமெரிக்காவில் ஆங்காங்கே இருக்கவே செய்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை ஏதேனும் ஒரு பக்கத்தில் உட்காரச் சொல்லாமல், குழுவை அமைக்கும்போதே அவனோடு கலந்துபேசுவது நல்லது.