கேம் பக்கம்: வாசகர் கேள்விகள்

கே: அக்கா, ஒரு பெரிய கேமுக்கு எல்லாத் தளங்களிலும் 9, 9.5 என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். நம்பி வாங்கினேன். என் பழைய பிஎஸ்4-ல் நின்று நின்று ஓடுகிறது. விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்களா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ப: கவரில் பணம் வைத்துக் கொடுக்கவே தேவையில்லை தம்பி. அதைவிடச் சத்தமில்லாத வழிகள் இருக்கின்றன. கேம் தளங்களுக்குப் பெரும்பாலும் விளம்பரம் தருவது கேம் கம்பெனிகள்தான். யாருடைய சரக்கை எடைபோட வேண்டுமோ அவர்களிடமிருந்தே வருமானமும் வருகிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜெஃப் கெர்ஸ்ட்மனின் கதையைக் கேம் வாங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அதே நாட்களில் அந்தத் தளத்தில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்ததும் அதே கேமின் விளம்பரம்தான். வெளியிட்ட ஐடோஸ் கம்பெனி கொடுத்தது. மாதம் முடிவதற்குள் அவருக்கு வேலை போய்விட்டது. விமர்சனம் காரணமில்லை என்றது நிர்வாகம். ஒப்பந்தம் வாயைக் கட்டியதால் அவரும் பேச முடியவில்லை. 2012 மார்ச்சில்தான் உண்மையைச் சொல்ல முடிந்தது. குறைந்த மதிப்பெண் கொடுத்ததற்காக விளம்பரத்தை நிறுத்துவோம் என்று கேம் கம்பெனிகள் மிரட்டின, நிர்வாகம் பணிந்துவிட்டது என்றார். அவருக்காகச் சில சகாக்களும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுடன் சேர்ந்து 2008-ல் 'ஜயண்ட் பாம்ப்' என்று சொந்தத் தளம் தொடங்கினார். எனக்கு அவர்கள்மீது பெரிய மரியாதை.

இனி உங்கள் பிஎஸ்4 விஷயம். கேமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது இதேதான் நடந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டும். தாங்கள் விளையாடியதைப் பதிவுசெய்து விமர்சனத்தில் காட்டவும் அனுமதி இல்லை, கம்பெனி கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். மதிப்பெண்கள் குவிந்தன. பழைய பிஎஸ்4-ல் வாங்கியவர்கள் திண்டாடினார்கள். ஒரு வாரம் ஆனதும் பிஎஸ்4 தயாரிக்கும் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அந்த கேமை எடுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த விமர்சகர்களில் யாரும் பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை. எதைப் பார்க்கலாம் என்பதைக் கம்பெனி முடிவுசெய்தது, அவ்வளவுதான். அதனால் எந்தக் கருவியில் விளையாடிப் பார்த்தார்கள் என்று எழுதாத விமர்சனத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

கே: சின்னதாக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். ஒரு மொபைல் கேம் கம்பெனி பணமும் கேமுக்குள் செலவழிக்க காயின்களும் தருவதாகச் சொல்கிறது. குறை எதுவும் சொல்லக் கூடாது, 'ஸ்பான்சர்' என்ற வார்த்தை டிஸ்கிரிப்ஷனில் கடைசியில் இருந்தால் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?
- யூடியூபர், கோயம்புத்தூர்

ப: இந்த நிபந்தனைகளோடு வாங்காதீர்கள். இதே நிபந்தனைகளைப் போட்டு வார்னர் பிரதர்ஸே மாட்டியிருக்கிறது. 2014-ல் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமுக்காக பியூடிபை உள்ளிட்ட யூடியூபர்களுக்கு ஒரு விளம்பர நிறுவனம் மூலம் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு நூற்றுக்கணக்கான டாலர், சிலருக்குப் பல்லாயிரம். கேமைப் புகழ வேண்டும், அதிலுள்ள கோளாறுகளைக் காட்டக் கூடாது. பணம் வாங்கிய விஷயம் 'ஷோ மோர்' அழுத்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் இருந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இது பார்வையாளர்களை ஏமாற்றும் வேலை என்று குற்றம்சாட்டியது. 2016 ஜூலையில் வார்னர் சமரசத்துக்கு வந்தது. அதற்குள் அந்த வீடியோக்களை 55 லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

நம் ஊரிலும் விதி இருக்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி 2021-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள் வாங்கினாலும் சொல்லியாக வேண்டும். 'மோர்' அழுத்தித் தேடும் இடத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. உங்கள் கேமுக்குள் வரும் காயினும் இலவசப் பொருள்தான்.

வீடியோ தொடங்கும்போதே "இது பணம் வாங்கிச் செய்யும் வீடியோ" என்று தமிழில் சொல்லுங்கள், திரையிலும் போடுங்கள். குறையைச் சொல்லும் உரிமையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சின்ன சேனலுக்கு அந்தத் தொகை பெரிது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கே: உங்களுக்கு கேம்கள் இலவசமாக வருகின்றனவா?
- இல்லத்தரசி, மதுரை

ப: சில வருகின்றன. வந்தால் விமர்சனத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து என் பணத்தில் வாங்குவது. அதனால்தான் இந்தப் பக்கத்தில் சில விமர்சனங்கள் தாமதமாக வருகின்றன.

கே: 2014-ன் கேமர்கேட், பத்திரிகையாளர்களின் நேர்மைக்காக கேமர்கள் நடத்திய போராட்டம்தானே? அதைப் பெண்களுக்கு எதிரானது என்று ஊடகங்கள் திரித்துவிட்டன. உங்கள் கருத்து?
- மென்பொருள் ஊழியர், சென்னை

ப: இல்லை, நான் உடன்படவில்லை. அது எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். அந்த ஆகஸ்டில் ஸோயி குவின் என்ற கேம் உருவாக்குநரைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் நீளமாக ஒரு பதிவு எழுதினார். அதை வைத்து, கொட்டாகு என்ற கேம் செய்தித் தளத்தின் எழுத்தாளர் ஒருவருடன் பழகி, தன் 'டிப்ரெஷன் க்வெஸ்ட்' கேமுக்குச் சாதகமான விமர்சனத்தை குவின் வாங்கிக்கொண்டார் என்று கிளப்பினார்கள். அந்த எழுத்தாளர் அந்த கேமை விமர்சனம் செய்யவே இல்லை. இல்லாத ஒரு விமர்சனத்துக்காக ஒருவரின் முகவரியைப் பரப்பி, வீட்டைவிட்டு ஓடவைத்தார்கள்.

அக்டோபரில் பிரியானா வூ என்ற கேம் உருவாக்குநரும் மிரட்டலால் வீட்டைவிட்டு வெளியேறினார். அதே மாதம், கேம்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்துவந்த அனிதா சர்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்தார். பேசினால் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று மின்னஞ்சல் வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியோடு அரங்குக்குள் வருபவரைத் தடுக்க அந்த மாநிலச் சட்டத்தில் இடமில்லை என்றது பல்கலைக்கழகம். அவர் கூட்டத்தை ரத்துசெய்தார். இதில் பத்திரிகை நேர்மை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மேலே கோவை நண்பருக்குச் சொன்ன வார்னர் விவகாரமும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் நடந்தது. பணம் கைமாறியது, நிபந்தனைகள் எழுத்தில் இருந்தன, ஏமாந்தவர்கள் லட்சக்கணக்கில். அதைச் சில யூடியூபர்கள் வெளியே கொண்டுவந்து கண்டித்தார்கள். ஆனால் அதற்காக எந்தக் கம்பெனி அதிகாரியும் வீட்டைவிட்டு ஓடவில்லை. கோபமெல்லாம் பணபலம் இல்லாத தனி ஆட்கள் மேல்தான் போனது.

அந்தச் சமயத்தில் நேர்மை பற்றிக் கேட்ட எல்லாருமே கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேம் உருவாக்குநர்களுக்கு பேட்ரியான் (ரசிகர்கள் படைப்பாளிகளுக்குப் பணம் தந்து ஆதரிக்கும் தளம்) வழியாகப் பணம் கொடுப்பதைத் தன் எழுத்தாளர்களுக்குக் கொட்டாகு தடைசெய்தது. அது நல்ல விதி. அதே கொட்டாகு வெளிவராத கேம்களைப் பற்றிய செய்திகளைப் போட்டதற்காக பெதஸ்டாவும் யூபிசாஃப்டும் அதனுடன் பேச்சையே நிறுத்தியதை 2015-ல் அந்தத் தளமே எழுதியது. கேள்வி கேட்க வேண்டியது அந்த மாதிரிக் கம்பெனிகளைத்தான்.

ஒரு பெண்ணாக இன்னொன்றும் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்களோடு ஆன்லைனில் விளையாடும்போது நான் மைக்கை அணைத்துவிடுகிறேன். குரல் கேட்டதும் ஆட்டம் என்னைப் பற்றியதாக மாறிவிடுகிறது. இங்கே எனக்குக் கடிதம் எழுதும் பெண்களில் பலரும் அப்படித்தான் செய்வதாகச் சொல்கிறார்கள்.

கே: நீங்கள் ஏன் மதிப்பெண்ணே போடுவதில்லை? ஒரு எண்ணைப் பார்த்தால் வேலை முடிந்துவிடுமே.
- பள்ளி மாணவர், ஈரோடு

ப: அந்த எண் உங்களிடம் மட்டும் நிற்பதில்லை. 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் குழுவுக்கு, பல தளங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. தொகை கிடைக்கவில்லை. சராசரியில் சேரும் மதிப்பெண்ணைப் போடும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இன்னொருவரின் சம்பளப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். கேம் எப்படி இருக்கிறது, எந்தக் கருவியில் ஓடும், எத்தனை ரூபாய்க்கு வாங்கலாம் என்று எழுதுகிறேன். மூன்று பத்திதான், படித்துவிடுங்கள்.