கடன் வட்டி குறைந்தது, எஃப்டி வட்டி குறையவில்லை: வங்கி எப்படித் தாங்குகிறது?

கேள்வி: கல்ஃபிலிருக்கும் அண்ணன் அனுப்பிய பணத்தை 2024-ல் அம்மா பேரில் மூன்று வருட எஃப்டியாகப் போட்டோம். அதே வங்கியில் என் வீட்டுக்கடனுக்கு இப்போது வட்டி குறைந்திருக்கிறது, அம்மாவுக்கோ பழைய வட்டியே வருகிறது. வங்கிக்கு இது நஷ்டம் இல்லையா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கொஞ்ச காலத்துக்கு லாபம் சுருங்கத்தான் செய்யும். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) இணைந்தவை, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ டிசம்பரில் 5.25-க்கு வந்ததும் உங்கள் கடன் வட்டி இறங்கியது அதனால்தான், அம்மாவின் எஃப்டி முதிரும் வரை அசையாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50-க்கு ஏறியபோது இதுவே வங்கிக்குச் சாதகமாக இருந்தது.

எந்தக் கடனுக்கு எப்போது வட்டி மாறும், எந்த டெபாசிட் எப்போது முதிரும் என்று மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கவே ஒவ்வொரு வங்கியிலும் ஒரு குழு உண்டு, ஆல்கோ என்பார்கள். இடைவெளி பெரிதாகத் தெரிந்தால் முதலில் புது டெபாசிட்டுக்கு வட்டியைக் குறைப்பார்கள், அப்புறம் சேமிப்புக் கணக்கு வட்டியிலும் கைவைப்பார்கள் (ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் அதை 2.50 சதவீதம் ஆக்கியது), இன்னொரு பக்கம் வாகனக் கடன் மாதிரி வட்டி மாறாத கடன்களைக் கூடுதலாகக் கொடுக்கப் பார்ப்பார்கள். கிளை வாசலில் '444 நாள்' என்று தனி வட்டி போட்டிருந்தால், அந்தக் காலத்துக்குத்தான் அவர்களுக்குப் பணம் தேவை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை அலட்சியப்படுத்தினால் வங்கியே போய்விடும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய டெபாசிட்டை நீண்டகாலக் கடன் பத்திரங்களில் போட்டிருந்தது. வட்டி ஏறி பத்திர விலை விழுந்தது, நஷ்டம் வெளியே தெரிந்ததும் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடினார்கள், 2023 மார்ச்சில் மூடவேண்டியதாகிவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? புதுத் திட்டத்துக்கு மாறலாம் என்று யார் சொன்னாலும் அம்மாவின் எஃப்டியை உடைக்காதீர்கள், அந்தப் பழைய வட்டி இன்று திரும்பக் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே எடுத்தால் பெரும்பாலும் வட்டியிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். 2027-ல் முதிரும்போது தானாகப் புதுப்பிக்கும்படி விட்டுவிடாமல், அன்றைய வட்டியைப் பார்த்து ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பிரித்துப் போடுங்கள். வீட்டுக்கடனில் குறைந்தது மாதத் தவணையா, கட்டவேண்டிய மாதங்களா என்று கிளையில் கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.