மிடில்செக்ஸ் எங்கே போனது?

கேள்வி: லண்டனில் ஹரோவில் இருக்கிற தங்கச்சிக்கு நாற்பது வருடமாகக் கடித உறையில் ‘ஹரோ, மிடில்செக்ஸ்’ என்றுதான் எழுதி வருகிறேன். போன மாதம் ஊருக்கு வந்த பெறாமகன் அதைப் பார்த்துவிட்டு, “பெரியம்மா, அப்படி ஒரு கவுண்டியே இப்ப இல்லை” என்று சிரிக்கிறான். இத்தனை காலமும் இல்லாத இடத்துக்கா எழுதினேன்? பெயரும் ஒரு மாதிரியாக இருக்கிறதே, அது எப்படி வந்தது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அவன் சொன்னது சரிதான் அம்மா, ஆனால் நீங்களும் பிழையாக எழுதவில்லை. கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு, மிடில்செக்ஸ் கவுண்டியை 1965 ஏப்ரல் முதலாம் திகதியோடு இல்லாமல் செய்துவிட்டார்கள். ஹரோ, வெம்பிளி, சவுத்தோல் என்று எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கிற பக்கம் எல்லாம் கிரேட்டர் லண்டனுக்குள் போனது, ஸ்டெயின்ஸ் பக்கம் சர்ரேயோடு சேர்ந்தது. ஆனால் தபால்காரர்கள் அதற்குப் பிறகும் முப்பது வருடம் பழைய பெயரை விடவில்லை. 1996இல்தான் விலாசத்தில் கவுண்டி தேவையில்லை, ஊரும் தபால் குறியீடும் போதும் என்றார்கள். ஆக, நீங்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் அது முழுக்கச் சரியான விலாசம். என் மேசை லாச்சியில் வெம்பிளிச் சித்தப்பா அனுப்பிய நீல ஏரோகிராம் ஒன்று இன்னும் கிடக்கிறது. மிடில்செக்ஸ் என்று முழுதாக எழுதச் சோம்பல்பட்டு ‘மிட்எக்ஸ்’ என்று சுருக்கியிருப்பார். சின்ன வயதில் அதை ஏதோ இருமல் மருந்து என்று நினைத்திருந்தேன்.

சரி, பெயருக்கு வருவோம். நீங்கள் நினைத்துக் கூச்சப்படுகிற சொல் இல்லை அது, ‘சாக்சன்’ என்பதன் தேய்ந்த வால். ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து ஜேர்மன் கரைப்பக்கமிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் சாக்சன்கள். கிழக்கே இருந்தவர்களின் நிலம் எசெக்ஸ், தெற்கே சசெக்ஸ், மேற்கே வெசெக்ஸ், இவர்களுக்கு நடுவில் இருந்தவர்களுடையது மிடில்செக்ஸ். வடக்குச் சாக்சன் எங்கே என்று கேட்பீர்கள், அந்தப் பக்கத்தை ஆங்கிலர் என்ற இன்னொரு கூட்டம் பிடித்துக்கொண்டது, இங்கிலாந்து என்ற பெயரே அவர்களால் வந்ததுதான். ட்விக்கன்ஹாமில் லண்டன் ஆயருக்கு நிலம் தானம் கொடுத்த 704ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றிலேயே ‘மிடில்செக்ஸ் என்று சொல்லப்படும் நாடு’ என்று வருகிறது. அப்படியென்றால் உங்கள் கடித உறையில் இருந்த பெயருக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கு மேல்.

கவுண்டி என்ற சொல்லோ இவ்வளவு பழசில்லை. சாக்சன்கள் அந்தப் பிரிவை ‘ஷயர்’ என்றுதான் சொன்னார்கள், யோர்க்‌ஷயரில் ஒட்டியிருப்பது அதுதான். 1066இல் பிரான்ஸிலிருந்து நோர்மன்கள் வந்து பிடித்தபோது, தங்கள் ஊரில் ‘கொம்த்’ என்கிற பிரபுவின் ஆட்சி நிலத்துக்கு இருந்த பெயரை இதற்கும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் சொல் வந்து குந்திக்கொண்டது, அந்தப் பட்டம் வரவில்லை, இங்கிலாந்துப் பிரபுக்கள் பழையபடி ‘ஏர்ல்’ ஆகவே இருந்தார்கள்.

கிரிக்கெட் பார்க்கிற பெறாமகன் என்றால் அவனிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். இல்லாத கவுண்டிக்கு எப்படி ஒரு அணி இருக்கிறது? 1864இல் தொடங்கிய மிடில்செக்ஸ் அணி இன்றைக்கும் லண்டனின் லோர்ட்ஸ் மைதானத்தில்தான் ஆடுகிறது. இதில் இன்னொரு கூத்து, 1889இல் லண்டனைத் தனிக் கவுண்டியாக வெட்டி எடுத்தபோதே லோர்ட்ஸ் இருக்கிற நிலம் மிடில்செக்ஸை விட்டுப் போய்விட்டது. அணி மட்டும் அசையவில்லை.

இனியும் நீங்கள் மிடில்செக்ஸ் என்று எழுதலாம், ஒருவரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. ‘எச்.ஏ’ என்று தொடங்கும் அந்தக் குறியீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், கடிதம் அதைப் பார்த்துத்தான் போகிறது.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா? வீட்டில் ஒரே சண்டை.
– வாசகர், பளை

பதில்: இரண்டும்தான், சண்டையை நிறுத்துங்கள். 1984 வரை கிளிநொச்சி என்று தனி மாவட்டம் இல்லை, பளையும் பூநகரியும் கரைச்சியும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அந்த வருடம் தெற்குப் பகுதியைப் பிரித்து, கிளியும் நொச்சியும் சேர்ந்த ஊர்ப்பெயரையே மாவட்டத்துக்கும் வைத்தார்கள். ஆனால் பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டும் சேர்ந்து இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். ஆகவே கச்சேரி அலுவல் என்றால் தெற்கே கிளிநொச்சிக்கு பஸ் ஏறுங்கள், வேட்பாளர் யார் என்று பார்க்க யாழ்ப்பாணப் பட்டியலைப் புரட்டுங்கள். உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருந்தால் அதைத் திருத்தப் போய்விடாதீர்கள், அது பிழை இல்லை.